வளர்ப்பதா? விடுவதா?

2024ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிற்பகல். திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலின் பெண் யானை தெய்வானை, தான் கட்டப்பட்டிருந்த இடத்திலேயே இருவரைத் தாக்கிக் கொன்றது. ஒருவர் அதைப் பராமரித்துவந்த பாகன். மற்றவர் அவருடைய உறவினர். உறவினர் யானையின் அருகே வெகுநேரம் நின்று கைபேசியில் படம் எடுத்தார் என்றும், அவரைக் காப்பாற்றச் சென்றபோதுதான் பாகனும் உயிரிழந்தார் என்றும் அந்நாள்களில் செய்திகள் வெளியாயின.

வீரபாண்டியன்பட்டினம், அமலிநகர், ஆலந்தலை முதலிய நம் ஊர்களிலிருந்து திருச்செந்தூருக்குச் சந்தைக்கோ, பேருந்துக்கோ, மருத்துவமனைக்கோ போய்வராத குடும்பம் ஏது? போகிற வழியில் அந்த யானையைக் கண்டு, ‘அம்மா, யானை!’ என்று கையை இழுத்து நிறுத்தாத குழந்தை ஏது? ஆகவே அது நமக்கு வேற்றூர்ச் செய்தியாக இருக்கவில்லை. அடுத்த சில நாள்களுக்கு மீன் ஏலம் போடும் கரையிலும் தேநீர்க் கடையிலும் இதே பேச்சு. நான் கேட்டவரையில் அப்பேச்சு இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. ‘காட்டில் திரிய வேண்டியதைக் கட்டிப்போட்டால் வேறென்ன நடக்கும்? கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டியதுதானே!’ என்றது ஒரு கட்சி. ‘பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்தார்கள். காட்டில் விட்டால் அதற்கு இரை தேடத் தெரியுமா? இடத்தை விசாலமாக்கி, வேடிக்கை பார்ப்பவர்களை விலக்கிவைத்தால் போதும்’ என்றது மற்றக் கட்சி.

தேநீர்க் கடையில் பேசியவர்கள் அறிந்தார்களோ இல்லையோ, உலகெங்கும் அறிஞர்களும் வழக்கறிஞர்களும் அரை நூற்றாண்டாக நடத்திவரும் வாதத்தையே அவர்கள் நம் பேச்சு வழக்கில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் விலங்கு நலம். மறு பக்கம் விலங்கு உரிமை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர் பலர். ஒன்றல்ல. ‘விலங்கை மனிதன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வதைக்கக் கூடாது’ என்பது நலக் கட்சி. ‘வைத்துக்கொள்வதே தவறு, அது எவருடைய உடைமையும் அன்று’ என்பது உரிமைக் கட்சி. முன்னது கூண்டை அளந்து பார்க்கிறது. பின்னது கூண்டு எதற்கு என்று கேட்கிறது.

நலக் கட்சியே மூத்தது. 1824ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் சிலரைக் கூட்டி, விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். வண்டிக் குதிரையும் சந்தை மாடும் அடிபடுவதைத் தடுப்பதே அன்றைய நோக்கம். நம் நாட்டில் அப்பணிக்குச் சட்ட வடிவம் தந்த பெருமை கலாக்ஷேத்திரா கண்ட ருக்மிணி தேவி அருண்டேலைச் சாரும். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் விலங்குகளுக்காக ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகவே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

உரிமைக் கட்சி பிற்பாடு வந்தது. ஆஸ்திரேலியரான பீட்டர் சிங்கர் 1975இல் விலங்குகளின் விடுதலை பற்றி எழுதிய நூல் அதற்குக் கதவைத் திறந்தது. அவருடைய அளவுகோல் துன்பம்: நோவை உணரும் உயிர் எதுவாயினும் அதன் நோவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். 1983இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டாம் ரீகன் அதற்கும் மேலே ஓரடி வைத்து, விலங்குக்கு உரிமையே உண்டு என்று வாதாடினார். அவர்களுக்குப் பின் வந்தவர் கேரி பிரான்சியோன் என்னும் சட்டப் பேராசிரியர். அவர் சொல்வதைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். உலகில் இரண்டே நாய்கள் மீந்திருந்து, அவை குட்டி ஈனலாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு தம் கையில் இருந்தாலும், வேண்டாம் என்றே சொல்வோம் என்று அவரும் அவருடன் பணியாற்றும் அன்னா சார்ல்டனும் 2016இல் எழுதினார்கள். உணவுக்கும் நீருக்கும் வெளியே போய்வரவும்கூட மனிதனையே நம்பியிருக்கும்படி ஓர் உயிரைப் பிறப்பிப்பதே அநீதி என்பது அவர்கள் கட்சி. ஆனால் கவனியுங்கள்: எழுதிய அவ்விருவர் வீட்டிலும் அப்போது ஆறு நாய்கள் இருந்தன! ஆறும் பிறரால் கைவிடப்பட்டவை. பிறந்துவிட்டதைக் காப்பது கடமை, இனிப் பிறக்கச் செய்வது தவறு என்பது அவர்கள் விளக்கம். இதை முரண்பாடு என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். எனக்கு அது மதிக்கத்தக்கதாகவே படுகிறது. கொள்கைக்காகத் தெருவில் நிற்கும் நாயைக் கைவிடாதவர்கள் அவர்கள்.

நம் நீதிமன்றங்களும் இந்த வாதத்தில் இரு பக்கமும் போய் வந்திருக்கின்றன. 2014 மே 7இல் சல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம், உயிர் வாழும் உரிமை பற்றிய அரசியல் சாசனப் பிரிவின் நிழலை விலங்குகள் மேலும் படரவிட்டது. மறு ஆண்டு டில்லி உயர்நீதிமன்றம் ஓர் ஆணையில் பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு என்றது. 2023 மே 18இல், தமிழ்நாட்டின் சல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொன்ன ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கூற முன்னுதாரணம் இல்லை என்றுவிட்டது. ஆக, உரிமை என்ற சொல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு கற்றவர்களே ஒரு முடிவுக்கு வராத இடத்தில், கடற்கரைக் குடும்பத்தவனாகிய நான் என்ன சொல்ல? ஆயினும் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட ஒன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. அது ‘ஐந்து விடுதலைகள்’ என்பது. இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளுக்காக 1979இல் வகுக்கப்பட்டது. பசி தாகத்திலிருந்து விடுதலை, வெயில் குளிர் போன்ற உடல் வாதைகளிலிருந்து விடுதலை, நோவு நோயிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை ஆகிய நான்கும் அன்புள்ள எவனும் தரக்கூடியவை. மீந்த ஒன்றுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. தன் இனத்துக்கு இயல்பானபடி நடந்துகொள்ளும் விடுதலை அது. இதை நலக் கட்சிக்காரர்களே எழுதிவைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஏனெனில் இதை நேர்மையாகப் பிடித்துக்கொண்டு போனால் சில விலங்குகளின் விஷயத்தில் உரிமைக் கட்சியின் வாசலில் போய் நிற்க வேண்டியதாகிறது.

யானையையே எடுத்துக்கொள்வோம். பெண் யானை தாய், தமக்கை, சிற்றன்னை, குட்டிகள் என்று உறவினக் கூட்டத்தோடு வாழ்நாள் முழுதும் இருக்கும் பிராணி. நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தழையும் புல்லும் தின்று, தின்றபடியே நடந்துகொண்டிருப்பது அதன் இயல்பு. ஒற்றைப் பெண் யானைக்கு எத்தனை பெரிய கொட்டில் கட்டினாலும் அதன் உறவினக் கூட்டத்தைக் கட்டித்தர முடியுமா? 2003 முதல் அரசு முதலில் தெப்பக்காட்டிலும் பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியிலுமாகக் கோயில் யானைகளுக்கு 48 நாள் புத்துணர்வு முகாம் நடத்தியது நல்லெண்ணச் செயல்தான். அங்கு யானை யானையைக் கண்டது, ஆற்றில் குளித்தது. அது முடிந்து லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தபோது அதன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 2023இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், விருதுநகர் மாவட்டத்தில் லலிதா என்னும் முதிய யானையின் வழக்கில், இனிக் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாதென ஆணையிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று குறிப்பிட்டார். அவர் அந்த யானையை நேரில் போய்ப் பார்த்தவர்.

பிற சமயத்தாரின் வழக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பாகனின் குடும்பத்துக்கு நேர்ந்த துயரமும் எளிதன்று. தவிரவும், ‘காட்டில் விடு’ என்று சொல்லுவதுபோல் விடுவது அவ்வளவு சுலபமில்லை. சமயபுரம் கோயிலில் 2018இல் தன் பாகனைக் கொன்ற மசினி என்னும் யானை, மறு ஆண்டு அது வளர்ந்த முதுமலை தெப்பக்காடு முகாமுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே காடும் உண்டு, வேறு யானைகளும் உண்டு. 2023 ஏப்ரலில் அங்கும் ஒரு பாகன் அதனால் இறந்தார். ஒருமுறை பிடித்த உயிரை விட்டுவிடுவதாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஆதலால்தான் முதலில் பிடிக்கும்போதே யோசிக்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் வீட்டுக் கிளி

யானை வளர்ப்பவர் நம்மில் எவருமில்லை. ஆனால் கிளி? இங்கே நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேரிக்காட்டுப் பக்கம் பட்டுப்போன பனைகளின் பொந்தில் பச்சைக்கிளி முட்டையிடும். 2012இல் பனையேறி ஒருவர் அப்படியொரு பொந்திலிருந்து எடுத்த குஞ்சை எங்களுக்குக் கொடுத்தார். இறகு முளைக்காத, கண்ணும் சரியாகத் திறக்காத குஞ்சு. என் தாயார் அதற்குப் பொரிகடலை மாவைக் கரைத்து விரலால் ஊட்டிக் காப்பாற்றினார். பிறகு கூண்டு வந்தது. இறகு வளர வளரக் கத்தரித்தோம். அதற்கு நோகவில்லை என்பதால் அது கொடுமை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் என் தாயாரை ‘ஆச்சி, ஆச்சி’ என்று கூப்பிடக் கற்றுக்கொண்டது. பிள்ளைகள் படிக்கவும் வேலைக்குமாக ஒவ்வொருவராக வெளியூர் போனபின், பகல் முழுவதும் அந்த வீட்டில் ‘ஆச்சி’ என்று அழைத்த குரல் அது ஒன்றுதான்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது நம்மில் பலருக்குத் தெரியாது; தெரிந்தவரும் பொருட்படுத்துவதில்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டில் இரண்டு அலெக்சாண்டிரியன் கிளிகள் வைத்திருந்ததற்காக வனத்துறை இரண்டரை இலட்ச ரூபாய் அபராதம் விதித்தபோதுதான் ஊரார் காதில் அது விழுந்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று சோதிடக் கிளி சீட்டெடுத்த செய்தி பரவ, வனத்துறையினர் சோதிடரைப் பிடித்து எச்சரித்து அனுப்பினார்கள். கிளிகள் பறிமுதல், வேட்பாளரும் வெல்லவில்லை.

நடிகரின் செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டில் பெரும் வழக்காடல். என் மகன், ‘அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை அப்பா, பன்னிரண்டாம் வயதில் அதன் இறகை வெட்டிய கத்தரிக்கோலைப் பிடித்தவன் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது’ என்றான். என் தாயார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அது போனா என்னைய யாருல கூப்பிடுவா?’ என்றார். ‘நான் கண்ண மூடுன பொறவு என்னவும் செய்யுங்க.’

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? நலக் கட்சிக்காரர் எவரையும் அழைத்துவந்து காட்டியிருக்கலாம். கொய்யாப்பழம், மிளகாய், சுத்தமான தண்ணீர், பூனை எட்டாத உயரம், அன்பான கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாலைதோறும் ஐந்தரை மணிக்குத் தேரிக்காட்டை நோக்கிக் கிளிக்கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு எங்கள் கூரைக்கு மேலாகப் பறக்கும். அப்போது எங்கள் கிளி கூண்டின் ஒரு பக்கத்துக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டு கத்தும். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் அதைக் ‘கிளி பேசுகிறது’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இறகு வெட்டுவதை நிறுத்தினோம். வெட்டிய இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை பொறுத்தோம். திடீரென்று வெளியே விட்டால் காக்கைகள் கொத்திவிடும் என்பதால், வன அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்தோம். என் தாயார் உடன் வரவில்லை. கூண்டில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. மாலையில் கூட்டம் பறக்கிற நேரத்தில் அவர் முற்றத்துக்கு வந்து நிற்கிறார்; நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை. அவருடைய தனிமைக்கு நாங்கள் ஒரு பறவையைக் காவல் வைத்திருந்தோமே தவிர, நாங்கள் இருக்கவில்லை. அந்தக் கடனை யார் தலையில் எழுதுவது?

கடையேழு வள்ளல்களுள் பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான் என்று பள்ளியில் படித்தோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நான் வகுப்பில் கேட்டு உதை வாங்கியதுண்டு. இப்போது அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. போர்வையைப் போட்டுவிட்டு அவன் தன் வழியே போய்விட்டான். மயிலை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அவற்றின் கதை வேறு. அவற்றை வைத்திருப்பது பச்சைக்கிளியைப்போல் குற்றமாகாது. அவை அயல்நாட்டுப் பறவைகள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்டவை. இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால் இரண்டு நாளில் காக்கைக்கோ பூனைக்கோ இரையாகும். அவற்றுக்குப் போக இங்கே காடும் இல்லை. கூண்டில் பறக்க வானமும் இல்லை. இருப்பதை நன்றாக வைத்துக்கொண்டு, இனி வாங்காதிருப்பதுதான் வழி. பிறந்தநாள் பரிசாக ஒரு சோடி பறவையைக் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகிவருவது நல்லதன்று.

நாயின் வழக்கு

நாய்க்கு வந்தால் என் வாதம் தலைகீழாகத் திரும்புகிறது.

கிளிக்குப் பனங்காடு உண்டு; நாய்க்கு எந்தக் காடு உண்டு? ஜெர்மனி நாட்டில் பான் நகருக்கருகே ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவர்களோடு ஒரு நாயும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள். உழவு தோன்றுவதற்கும் ஊர் தோன்றுவதற்கும் முன்பே நாய் மனிதனோடு சேர்ந்துவிட்டது. மனிதன் முகத்தைப் பார்த்து அவன் கை காட்டும் திசையை அறிவது அதன் இயல்பிலேயே ஊறிவிட்டது. மனிதனோடு இருப்பதே அதற்கு இயல்பான வாழ்வு. ஐந்தாவது விடுதலையை நாய்க்குக் கொடுக்க வேண்டுமானால் அதைத் துரத்திவிட்டுக் கொடுக்க முடியாது. கூட இருந்துதான் கொடுக்க வேண்டும். கானடா நாட்டுச் சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் எழுதிய நூலில், வீட்டு விலங்குகளை ஒழிக்க வேண்டியதில்லை, நம் சமுதாயத்தின் அங்கத்தினராக ஏற்க வேண்டும் என்றார்கள். உரிமைக் கட்சிக்குள்ளேயே எழுந்த இந்த மறுப்பு எனக்கு உவப்பானது.

நம் தமிழ் முன்னோர் இதை ஏட்டில் எழுதாமல் கல்லில் எழுதினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. வீரன் ஒருவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது!

திருநூலில் வரும் நாய்க்குப் பெயர் இல்லை. தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதருடன் நெடும்பயணம் புறப்படும்போது வீட்டு நாயும் பின்னாலேயே போகிறது. திரும்பும்போதும் கூடவே வருகிறது. அது எதையும் வேட்டையாடவில்லை, யாரையும் காக்கவில்லை. கதைக்கு அதனால் ஆகவேண்டிய காரியம் எதுவுமில்லை. ஆயினும் ஆசிரியர் அதை விட்டுவிட மனமில்லாமல் இருமுறை குறிப்பிடுகிறார். வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் இதைப் பற்றிப் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் அன்பு காட்டக் கடமைப்பட்டவர்கள். வேலைக்கும் ஓய்வுக்கும் துணையாக அவற்றைப் பழக்கிக்கொள்ளலாம். தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும், மனிதருக்கு உரிய பாசத்தை அவற்றுக்குக் கொடுப்பதும் தகாது என்றும் எச்சரிக்கிறது. ஆக அது நலக் கட்சியின் பக்கமே நிற்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் மடல், ஒவ்வொரு படைப்புக்கும் மனிதனுக்குப் பயன்படுவதற்கு அப்பாற்பட்ட தனி மதிப்பு உண்டு என்று சொல்லி, அந்த எல்லையைச் சற்றே அகலமாக்கியது. அவரே 2022 சனவரியில், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயையும் பூனையையும் வளர்க்கும் தம்பதியரைக் கடிந்துகொண்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். அது நம் கடற்கரையைத் தைக்கிற கண்டனமாக எனக்குத் தோன்றவில்லை. நம் குற்றம் நாயைப் பிள்ளையாக்கிக் கொஞ்சுவதன்று, நாயைப் பூட்டாக்கிவிடுவது.

ஆம், பூட்டு. வளைகுடா நாட்டுப் பணத்திலும் கப்பல் வேலைப் பணத்திலும் பெரிய வீடுகள் எழும்பிய பின், வாயிலில் ஒரு நாய் என்பது சுற்றுச்சுவரைப்போல் ஆகிவிட்டது. கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் வெட்டவெளியில் முயலைத் துரத்தப் பிறந்த வேட்டை நாய்கள். அவற்றை ஐந்தடிச் சங்கிலியில் இரும்புக் கதவோடு கட்டிப்போட்டு, ‘நல்ல சாதி நாய், ஆள் அண்டவிடாது’ என்று பெருமை பேசுகிறோம். இரவு பகல் கட்டியிருந்தால் எந்த நாய்தான் ஆளை அண்டவிடும்? குளிர் தேசத்து அடர்மயிர் நாயை வாங்கிவந்து, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் விடுபவர்களையும் அறிவேன்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். நியாயமற்ற அளவு குறுகிய சங்கிலியில் வெகுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை அவிழ்த்து நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம். வீட்டு விலங்கைக் கைவிடுவதும் குற்றம். ருக்மிணி தேவியின் தலைமுறை எவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்திருக்கிறது! ஆனால் முதல்முறைக் குற்றத்துக்கு அதில் எழுதியுள்ள அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கு அதில் ஒரு கிலோ சாளை மீன்கூட வராது. ஆகவே காவலரை எதிர்பார்த்துப் பயனில்லை.

கைவிடுவதைப் பற்றியும் ஒரு சொல். மீன் ஏலம் போடும் கரையில் கழிவு மீனுக்குக் காத்திருக்கும் நாய்க்கூட்டத்தை எல்லாரும் ஏசுகிறோம். பள்ளிப் பிள்ளைகளைக் கடிக்கிறது, வெறிநாய்க்கடி என்றால் உயிருக்கே உலை என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? பெட்டை நாய் குட்டி போட்டதும் கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குப் பின்னாலும் கடற்கரையிலும் விட்டுவந்தவர்கள் நாம்தானே. குட்டி வேண்டாமென்றால் பெட்டைக்குக் கருத்தடை செய்துவிடலாம். சென்னையில் நீலச் சிலுவைச் சங்கம் 1964 முதலே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்துவருகிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் நலக் கட்சியும் உரிமைக் கட்சியும் கைகோத்து நிற்பதைக் கவனியுங்கள். துன்பம் குறையும் என்று ஒருவர் விரும்புகிறார்; அடிமைகள் பெருகவில்லை என்று மற்றவர் விரும்புகிறார். தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய மனமில்லாதவர் நாய் வாங்காமலிருப்பதே அயலாருக்குச் செய்யும் உதவி.

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு கன்னி நாய் நான்கு ஆண்டுகளாகச் சங்கிலியில் கிடந்தது. வீட்டுக்காரர் கப்பலில், அவர் மனைவிக்கு நாய் என்றால் அச்சம். ஒருநாள் என் மகன் போய், ‘அத்தை, காலையில் நான் கரைக்குப் போகும்போது இதைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?’ என்று கேட்டான். முதல் வாரம் அதற்கு நடக்கவே தெரியவில்லை. ஐந்தடி போனதும், சங்கிலி முடிந்துவிட்டது என்று எண்ணித் தானாகவே நின்றுவிடும். மகன் முன்னே போய்த் திரும்பி நின்று கூப்பிடுவான். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே எங்கள் வீட்டுப் பக்கம் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. வள்ளங்கள் கரையேறும் நேரத்தில் மணலில் அது ஓடுவதைப் பார்க்க, வலை உதறிக்கொண்டிருப்பவர்கள்கூடச் சற்றே நிமிர்கிறார்கள். முந்தாநாள் அந்த அத்தையே சங்கிலியை அவிழ்த்து என் மகன் கையில் கொடுத்தார்கள். இதுவரை அதை எட்ட நின்று பார்த்தவர்கள்தாம் அவர்கள்.